இறக்கையின் கீழ் ஒரு வாரம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலின்போது கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையாற்றியவர் 1991ஆம் ஆண்டு உயர்தரக் கணிதப் பிரிவு மாணவி. தற்போது கனடாவில் வசிப்பவர்.)



எங்கள் செயலாளர் அக்கா ரெலிபோன் எடுத்து, "நீர் பிளேன் ஓட்டுறீராமே, அதைப் பற்றி ஒரு இருபது நிமிசம் கதையுமன்" என்று கேட்டார். முதலில் மறுத்தேன். சாதனைப் பெண் என்று என்னை மேடையில் ஏற்றினால் உங்களை ஏமாற்றியதாகிவிடும். நான் பயணிகள் விமானம் ஓட்டுபவள் அல்ல. பகலில் கணக்கு எழுதுகிறவள். வார இறுதியில், நான்கு பேர் பங்கு போட்டு வாங்கிய ஒரு பழைய செஸ்னா 172 விமானத்தில் ஏறுகிறவள். அந்த விமானத்துக்கு என் வயதில் மூன்று வயதுதான் குறைவு. ஆகவே சாதனைக் கதை எதுவும் சொல்லப் போவதில்லை. 2023ஆம் ஆண்டு ஆடி மாதம், இதே கல்லூரி விடுதியில் என்னோடு படுத்தெழும்பிய ஒரு தோழியும் நானும் அந்த விமானத்தில் அமெரிக்காவுக்குப் போய், அதன் இறக்கையின் கீழ் கூடாரம் அடித்து ஒரு வாரம் தங்கிய கதையைச் சொல்கிறேன். தோழி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொல்லக்கூடாது என்பது அவளுடைய கட்டளை.

நாங்கள் போன ஊரின் பெயர் ஒஷ்கொஷ். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், வினபேகோ என்ற ஏரிக்கரையில் இருக்கும் ஒரு நடுத்தர நகரம். 1953இல் போல் பொபெரஸ்னி என்பவர், வீட்டுக் கராஜில் தாங்களாகவே விமானம் கட்டும் சில நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். அந்த வருடமே மில்வோக்கி நகரில் முதல் ஒன்றுகூடலை நடத்தினார்கள். வந்து பார்த்தவர்கள் 150 பேருக்கும் குறைவு. கூட்டம் பெருகப் பெருக இடம் மாறி, 1970இல் ஒஷ்கொஷுக்கு வந்து நிலைத்துவிட்டது. நாங்கள் போன 2023இல் அந்த ஒரு வாரத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய 677,000 பேர். அந்த விமான நிலையத்திலும் சுற்றுவட்டார நிலையங்களிலும் வந்திறங்கிய விமானங்கள் 10,000க்கும் மேல். நல்லூர்த் திருவிழாவுக்கு வாகனத்தில் வராமல் எல்லோரும் ஆளுக்கொரு விமானத்தில் வந்திறங்கினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதுதான் ஒஷ்கொஷ்.

வருகிறவர்களில் பலர் ஹொட்டேலுக்குப் போவதில்லை. விமானத்தைப் புல்தரையில் நிறுத்தி, பக்கத்திலேயே கூடாரம் அடித்துக்கொள்கிறார்கள். அங்கே போவதென்றால் அப்படித்தான் தங்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். ஏன் என்று முதலில் சொல்லவேண்டும்.

எங்கள் வயதுக்காரருக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று விமானம், மற்றது கூடாரம்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். கல்லூரி வளவுக்குள் மரங்களுக்குக் கீழே பங்கர் வெட்டியிருந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போது காது மட்டும் வெளியே இருக்கும். கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. சத்தத்தை வைத்தே இது ஹெலி, இது சகடை, இது பொம்மர் என்று சொல்லிவிடுவோம். பொம்மர் பதிகிறது என்றால் பேனையைப் போட்டுவிட்டு ஓட்டம். உள்ளே போய்க் குந்தியிருந்து, ஒருத்தியின் சட்டையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் விழுந்தது, யாருடைய ஊர்ப் பக்கம் என்று கணக்குப் பார்ப்போம். வெளியே வந்து மிச்சப் பாடத்தைப் படிப்போம்.

அப்படி ஒருநாள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது எங்களில் ஒருத்தி, "ரீச்சர், இவ்வளவு பாரமான சாமான் எப்பிடிப் பறக்குது?" என்று பௌதிகவியல் ரீச்சரிடம் கேட்டாள். ரீச்சர் ஏசவில்லை. கொப்பியிலிருந்து ஒரு நீளத் துண்டைக் கிழித்து, உதட்டுக்குக் கீழே பிடித்து, அதன் மேற்பக்கமாக ஊதினார். தொங்கிக்கொண்டிருந்த கடதாசி மேலே எழும்பியது. எங்கள் எல்லோரையும் அப்படி ஊதச் சொன்னார். பிறகு ஒரு வசனம் சொன்னார்: "பயப்பிடுற சாமான் எப்பிடி வேலை செய்யுது எண்டு விளங்கினா பயம் போகாது. ஆனா கொஞ்சம் சுருங்கும்." இந்த மேடையில் நான் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் அந்த வசனத்தை மறக்கக்கூடாது என்று கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மற்றது கூடாரம். 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நானும் அம்மாவும் தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தோம். காற்றடித்தால் இரவு முழுக்க நித்திரையில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்போம். கனடாவில் என் பிள்ளைகள் வளர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் 'காம்பிங்' போகக் கேட்பார்கள். காசு கட்டி, கையெழுத்து வைத்து அனுப்புவேன். நான் ஒருநாளும் போனதில்லை. வீடு இருக்கிறவர்கள் எதற்காக விரும்பிப் போய்க் கூடாரத்தில் படுக்கவேண்டும் என்பது எனக்கு விளங்காத காரியமாகவே இருந்தது.

நாற்பத்தேழாவது வயதில் விமானம் பழகப் போனேன். பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பறப்புப் பள்ளி இருந்தது. தினமும் மதிய இடைவேளையில் தலைக்கு மேலே ஒரு சின்ன விமானம் வட்டமிடும். இருபது வருடம் அந்த நாட்டில் இருந்தும், அது வரும்போதெல்லாம் என் கை தானாக மேசை விளிம்பைப் பிடிக்கும். ரீச்சரின் வசனம் நினைவுக்கு வந்தது. எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம் என்றுதான் போனேன். கனடாவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலம் பறந்திருக்கவேண்டும். எனக்கு அதைப்போல இரண்டு மடங்கு பிடித்தது. இளம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லவேண்டும்: செலவு கூடிய காரியம்தான். நாலு பேர் சேர்ந்தால் பரவாயில்லை. நாங்கள் சீட்டுப் பிடித்த சமூகம்தானே, பங்கு போடுவது எங்களுக்குப் புதிதல்ல.

இனிப் பயணத்துக்கு வருகிறேன்.

சின்ன விமானத்தில் போகும்போது ஒவ்வொரு சாமானையும் நிறுக்கவேண்டும். கூடாரம், நித்திரைப் பை, மடக்குக் கதிரை, அடுப்பு, உயிர்காப்பு அங்கி எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் வைத்துக் கணக்கு எழுதினேன். கடைசியில் தோழி ஒரு பெட்டி கொண்டுவந்தாள். தட்டைவடை, எள்ளுப்பாகு, வறுத்த மா, யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், ஒரு சின்ன நீற்றுப்பெட்டி. ஏழரைக் கிலோ. "இதை விட்டிட்டுப் போவம்" என்றேன். "அப்ப என்னையும் விட்டிட்டுப் போ" என்றாள். கூடாரத்தின் தரைவிரிப்பை இறக்கினேன்.

ரொறன்ரோவுக்கு வெளியே இருக்கும் எங்கள் சிறிய ஓடுபாதையிலிருந்து கிளம்பி, மிச்சிகன் மாநிலத்தில் இறங்கிச் சுங்க, குடிவரவு அலுவல்களை முடித்தோம். அதற்கப்பால் குறுக்கே மிச்சிகன் ஏரி கிடக்கிறது. பெயர்தான் ஏரி, நேரே கடந்தால் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தண்ணீர். எங்களுக்கு ஒரே எஞ்சின். தோழி பருத்தித்துறையில் பிறந்தவள், நீச்சல் தெரியாது. நாங்கள் கடக்கவில்லை. தெற்கால் இறங்கி, சிக்காகோ நகரின் உயர்ந்த கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு சுற்றிப் போனோம். நேரம் கூடத்தான். ஆனால் சுற்றிப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஒஷ்கொஷுக்குள் இறங்குவதுதான் எல்லா விமானிகளுக்கும் வயிற்றைக் கலக்கும் பகுதி. அந்த வாரத்தில் உலகிலேயே மிகவும் சுறுசுறுப்பான கட்டுப்பாட்டுக் கோபுரம் அதுதான். ஒவ்வொரு விமானத்தோடும் தனித்தனியாகப் பேச நேரமில்லை. ஆகவே ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். றிப்பன் என்ற சிற்றூருக்கு வந்து வரிசையில் சேரவேண்டும். அங்கிருந்து ஃபிஸ்க் என்ற இடம் வரை நிலத்தில் ஒரு ரயில்பாதை போகிறது. அதற்கு நேர் மேலே, கடல்மட்டத்திலிருந்து 1,800 அடி உயரத்தில், மணிக்கு 90 கடல்மைல் வேகத்தில், முன்னால் போகிறவருக்கு அரை மைல் பின்னால், ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டும். முந்தக்கூடாது. வானொலியில் வாய் திறக்கக்கூடாது. கேட்க மட்டும் வேண்டும்.

ஃபிஸ்கில் ஒரு சின்ன மேட்டில் கட்டுப்பாட்டாளர்கள் தொலைநோக்கியோடு இருப்பார்கள். விமானத்தின் இலக்கத்தைச் சொல்லி அழைக்க மாட்டார்கள். நிறத்தையும் வகையையும் பார்த்து அழைப்பார்கள். கேட்டது என்று நீங்கள் பதில் சொல்வதும் வாயால் அல்ல, இறக்கையை ஆட்டி.

தோழி மடியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு முன்னால் போகும் விமானத்தைக் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடியே, எங்களுக்கு முன்னால போறது மஞ்சள். விட்டிடாதை."

"கதைக்காதை, கேக்க விடு."

"நான் உனக்குத்தானே சொல்லுறன், அவங்களுக்கே சொல்லுறன்?"

அந்த நேரம் காதுக்குள் ஒரு குரல்: "வெள்ளை நீல செஸ்னா, இறக்கையை ஆட்டுங்கள்." நான் ஆட்டினேன். "நல்ல ஆட்டம்! மஞ்சளுக்குப் பின்னால் போங்கள். ஓடுபாதை 27. ஒஷ்கொஷுக்கு நல்வரவு."

ஓடுபாதையில் வட்டமாகப் பெரிய நிறப் புள்ளிகள் போட்டிருக்கிறார்கள். ஒரே ஓடுபாதையில் ஒருவர் ஒரு புள்ளியிலும் அடுத்தவர் அடுத்த புள்ளியிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இறங்குவார்கள். எனக்குப் பச்சைப் புள்ளி என்றார்கள். மஞ்சள் விமானம் எனக்கு முன்னால் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது. எனக்குப் பின்னால் இன்னொருவர் வருகிறார். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை. சக்கரம் தொட்டதும், "நல்லாச் செய்தீர்கள், இடதோ வலதோ புல்லுக்குள் இறங்கி விலகுங்கள்" என்றது குரல். புல்லுக்குள் இறங்கினோம். அப்போதுதான் பார்த்தேன், தோழி அழுதுகொண்டிருந்தாள். "என்னடி?" என்றேன். "ஒண்டுமில்லை. வரிசையில போனது... எங்கட அசெம்பிளி மாதிரி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது சரி. சத்தம் போடாமல், முந்தாமல், முன்னால் போகிறவளின் பின்னலைப் பார்த்துக்கொண்டு நடக்க எங்களுக்கு இந்த மண்டபத்து வாசலில்தானே பழக்கினார்கள்!

கண்ணாடியில் 'கூடாரம்' என்று குறிக்கும் மூன்றெழுத்துக் கடதாசியைப் பிடித்துக் காட்டவேண்டும். கொடி பிடித்த தொண்டர்கள், பள்ளிப் பிள்ளைகள் முதல் எண்பது வயதுக்காரர் வரை, கையைக் காட்டிக் காட்டி 'வடக்கு நாற்பது' என்ற பெரிய புல்வெளிக்கு அனுப்பினார்கள். அந்த விழாவை நடத்துவது 5,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள். இறங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை கூடாரம் அடிப்பது அல்ல, விமானத்தைக் கட்டுவது. நிலத்தில் முளை அடித்து, இரண்டு இறக்கையையும் வாலையும் கயிற்றால் இழுத்துக் கட்டவேண்டும். அந்தப் பகுதியில் கோடையில் திடீரென்று இடிமழையும் சுழல்காற்றும் வரும். கட்டாத விமானம் பக்கத்து விமானத்தின்மேல் ஏறிவிடும். மாட்டைக் கட்டுவதுபோல நான் முளை அடிப்பதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற வயதான மனிதர் வந்து, முளையைச் சரித்து அடிக்கவேண்டும் என்று காட்டித் தந்தார். தறப்பாள் காலத்தில் அம்மா சொன்னதும் அதுதான்: கயிறு இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முளை சரிந்திருக்க வேண்டும்.

செஸ்னாவின் இறக்கை மேலே இருப்பது. அதனால் அதன் கீழே நிழலும் உண்டு, தூறலுக்கு ஒதுங்க இடமும் உண்டு. கூடாரத்தை அதற்குக் கீழே போட்டோம். இறக்கையின் முட்டுக்கம்பியில் துவாய் காயப்போட்டோம். குளிக்கப் பொதுக் குளியலறை இருக்கிறது. காலையில் வாளி இல்லாத குறைதான், மற்றும்படி எங்கள் விடுதி வரிசையேதான். விடியற்காலையில் எஞ்சின் சத்தம் தொடங்கிவிடும். பகலெல்லாம் நடந்து நடந்து கால் நோகும். வீட்டில் கட்டிய விமானங்கள், தொண்ணூறு வருடப் பழைய விமானங்கள், வினபேகோ ஏரியில் இறங்கும் மிதவை விமானங்கள் என்று ஒரு வாரம் போதாது. பின்னேரம் எல்லோரும் தங்கள் தங்கள் இறக்கையின் கீழ் வந்து கதிரையைப் போட்டுவிடுவார்கள். அங்கே "என்ன வேலை செய்கிறீர்கள்" என்று ஒருவரும் கேட்பதில்லை. "எங்கிருந்து பறந்து வந்தீர்கள்" என்பதுதான் கேள்வி. எத்தனையோ வருடங்களாக "எந்த நாட்டுக்காரர்" என்று கேட்கப்பட்டவளுக்கு, அந்தக் கேள்வி எவ்வளவு ஆறுதல் என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு விளங்கும்.

பக்கத்தில் இருந்தவர்கள் ஐயோவா மாநிலத்துச் சோளக் கமக்காரர். கணவனும் மனைவியும் எழுபது தாண்டியவர்கள். முளை அடிக்கக் காட்டித் தந்தவர் அவர்தான். இரண்டாம் இரவு இடிமழை வந்தபோது, ஊரே எழும்பி வந்து ரோச் லைற்றோடு கயிறுகளைப் பார்த்தது. அந்த அம்மா எங்கள் இறக்கைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றார். மறுநாள் தோழி புட்டு அவித்தாள். மிளகாய்த்தூள் சம்பலைத் தின்று அந்த ஐயாவுக்குக் கண்ணீர் வந்தது. ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

இனி நான் சொல்ல வந்த இரவுக்கு வருகிறேன்.

அந்த வாரத்தில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் இரவுக் காட்சி நடக்கும். இறக்கையில் பொறிவாணம் கட்டிக்கொண்டு விமானங்கள் இருட்டில் கரணம் அடிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் கூடாரத்து வாசலில் இருந்து பார்த்தோம். கடைசியில் வாணவேடிக்கை. அதோடு ஓடுபாதை நீளத்துக்கும் நெருப்பை எழுப்புவார்கள். நெருப்புச் சுவர் என்று அதற்குப் பெயர். வாணவேடிக்கை எனக்குத் தெரியும், அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தேன். நெருப்புச் சுவர் எனக்குத் தெரியாது. முதலில் வெளிச்சம். பிறகு நிலத்துக்குள்ளால் வந்து நெஞ்சில் இடித்த அந்த அதிர்வு.

எனக்கு அடுத்து நினைவிருப்பது, முகத்தில் ஈரப் புல். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே குப்புறக் கிடக்கிறேன். என் சட்டையை யாரோ இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். தோழி. அவளும் என்னோடு கிடக்கிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒன்றாகத்தான் விழுந்திருக்கிறோம். முப்பத்திரண்டு வருடம் கழித்து, ஐம்பது தாண்டிய இரண்டு பெண்கள், பங்கருக்குள் குந்தியிருந்த அதே மாதிரி. சுற்றிவரச் சனம் கைதட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து அம்மா வந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. புல்லில் எங்களுக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "என் மனுசனைக் காணவில்லை என்று கவனித்தீர்களா?" என்றார். அவர்களுடைய விமானத்தைக் கையால் காட்டினார். அந்த ஐயா இருட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் புகாத காதணியைப் போட்டு, விமானிக்குரிய இருக்கையில் தனியே இருந்தார். "வியற்நாமில் இருந்தவர். இந்த இரண்டு இரவும் அங்கேதான் இருப்பார். பிறகு வந்து தேத்தண்ணி கேட்பார்" என்றார். சொன்னதுபோலவே வந்தார். நான்கு பேரும் தேத்தண்ணி குடித்தோம். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் தோழிக்குச் சொல்லாமல், பழைய போர் விமானங்கள் நிற்கும் பக்கத்துக்கு நடந்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்று நின்றது. வயிற்றுக் கதவுகள் திறந்திருந்தன. குனிந்து உள்ளே போய் நிமிர்ந்து நின்றேன். இரும்புச் சட்டங்கள், கொக்கிகள், வயர்கள். ஒரு கொக்கி எப்படித் திறந்து விடுகிறது என்று பார்த்தேன். சாவி போடும் பூட்டைவிடச் சிக்கலில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது. ரீச்சர் சொன்னது சரி. பயம் சுருங்கியது. ஆனால் அந்த இடத்தில் வேறொன்று பெருத்தது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கோபம் என்றால் முழுவதும் சரியில்லை.

துணியால் துடைத்துக்கொண்டிருந்த தொண்டர் ஒருவர், நல்ல மனிதர், "இப்படி ஒன்றை முன்பு பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "கீழேயிருந்து மட்டும்" என்றேன். அவர் முகம் மலர்ந்து, "கீழேயிருந்து பார்ப்பதுதானே அழகு!" என்றார்.

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தோழியிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. "ஏன் நீ ஒண்டும் சொல்லேல்லை? வாய் இல்லையோ?" என்றாள். சொல்லாதது சரியா பிழையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய மகிழ்ச்சியை ஏன் கெடுப்பான் என்று அப்போது நினைத்தேன். இப்போது, சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த ஐயோவாத் தம்பதிகள் எங்கள் கதையைக் கேட்காமலே விளங்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் அப்படி விளங்காது. சிலருக்குச் சொல்லத்தான் வேண்டும். அதனால்தான் செயலாளர் அக்காவுக்குக் கடைசியில் சம்மதம் சொன்னேன்.

சனிக்கிழமை இரவு மறுபடி காட்சி. "ஊருக்குள்ள போய் நிண்டிட்டு வருவமே?" என்றாள் தோழி. நான் எங்கள் செஸ்னாவுக்குள் ஏறி, காதணியைப் போட்டு, என் இருக்கையில் இருந்தேன். அவள் மற்ற இருக்கையில் வந்து இருந்தாள். பக்கத்து விமானத்தில் ஐயா இருந்தார். கண்ணாடிக்கு ஊடாகக் கையைக் காட்டினார். நெருப்பு எழும்பியபோது வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அதிர்வு வந்தது. நான் இறுக்கிப் பிடித்திருந்தது என் விமானத்தின் சுக்கானை. அது என் கைக்குப் பழகிய சாமான். துணிந்து வெளியே நின்று பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். ஆனால் அது பொய். நான் உள்ளேதான் இருந்தேன். அடுத்த முறை போனாலும் உள்ளேதான் இருப்பேன்.

ஆனால் ஒன்று. அந்த இரவு காட்சி முடிந்து கூடாரத்துக்குள் போய்ப் படுத்தபோது, மேலே விமானத்தின் இறக்கை. இரண்டு பக்கமும் கயிறு. துணிக்கு வெளியே காற்று. விமானமும் கூடாரமும் ஒரே இடத்தில். அதற்குக் கீழே நான் விரும்பி வந்து படுத்திருக்கிறேன். காலையில் விரும்பினால் சுருட்டிக்கொண்டு போகலாம். போக ஒரு வீடு இருக்கிறது. விடியும்வரை ஒரே நித்திரை. என் பிள்ளைகள் ஏன் காம்பிங் கேட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன், அதிபர் அவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அமெரிக்காவில் 1929இல் பெண் விமானிகள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்போது அங்கே உரிமம் பெற்றிருந்த பெண்கள் 117 பேர். அவர்களில் 99 பேர் சேர்ந்தார்கள். எண்ணிக்கையையே பெயராக வைத்து 'தொண்ணூற்றொன்பதின்மர்' என்று அழைத்துக்கொண்டார்கள். முதல் தலைவி அமெலியா இயர்ஹார்ட். அந்தச் சங்கமும் இன்னும் சில வருடத்தில் நூறைத் தொடப்போகிறது. ஒருத்தி விழுந்தால் சட்டையைப் பிடிக்க இன்னொருத்தி பக்கத்தில் இருப்பாள் என்பதைத் தவிர, ஒரு பெண்கள் சங்கத்துக்கு வேறு பெரிய நோக்கம் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் சங்கம் அதை நூறு வருடம் செய்திருக்கிறது.

இன்று காலை இந்த மண்டபத்து வாசலில் நின்றபோது, பலாலிப் பக்கம் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. எங்கள் வகுப்புக்காரர் எல்லோரும், யாரும் சொல்லாமலே, மரத்தடியில் பங்கர் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தோம். அதே நேரம், பின்வரிசையில் நிற்கும் இந்தப் பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். பிள்ளைகளே, உங்களுக்கு அந்த மரத்தடிக் கதையை நாங்கள் சொல்லவேண்டும். நீங்கள் கேட்கவும் வேண்டும். கேட்டுவிட்டுத் தொடர்ந்து கையை ஆட்டுங்கள்.

ரொறன்ரோப் பக்கம் வருகிற பழைய மாணவி எவருக்கும் எங்கள் விமானத்தில் ஒரு இருக்கை இருக்கிறது. ஒரே நிபந்தனை: உங்கள் நிறையை உண்மையாகச் சொல்லவேண்டும். அதை வைத்துத்தான் நான் எவ்வளவு பெற்றோல் அடிப்பது என்று தீர்மானிப்பேன்.